கிடையாக எறிந்த கல்: 12-ஐ எங்கே போடுவது?

குமுளி பிளஸ் ஒன்: 19.6 மீட்டர் உயரப் பாறையிலிருந்து ஒரு கல்லை நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் கிடையாக எறிந்தால் எவ்வளவு தள்ளி விழும், தரையைத் தொடும்போது வேகம் என்ன? நேரம் கண்டுபிடிக்கும்போது தொடக்க வேகம் 12-ஆ, பூஜ்யமா? வகுப்பே ரெண்டு கட்சியாக நிற்கிறது.

கம்பம் வாத்தியார்: பூஜ்யம்தான் தம்பி. 12 முழுக்கக் கிடைத்திசையில் இருக்கிறது, கீழ்நோக்கி அதற்கு ஒரு பங்கும் கிடையாது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8, ஆக 19.6 = ½ × 9.8 × நேரத்தின் வர்க்கம், 2 நொடி. அந்த 2 நொடியும் கல் பக்கவாட்டில் அதே 12-லேயே போகும், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காததால், எனவே 24 மீட்டர். செங்குத்து வேகம் 9.8 × 2 = 19.6. இதையும் 12-ஐயும் அப்படியே கூட்டிவிடாதே, பாதிப் பேர் மார்க்கை விடுவது இங்கேதான். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடு, ஏறக்குறைய 23.

பீர்மேடு அக்கா: நம்பாதவர்களிடம் மேசை விளிம்பில் ரெண்டு நாணயம் வைக்கச் சொல். ஒன்றைச் சுண்டிவிடு, அதே கணத்தில் மற்றதை லேசாகத் தள்ளி விழவிடு. தரையில் ஒரே ‘டக்’தான் கேட்கும். எறிந்த கல் போகும் வளைவு பரவளையம் (parabola) என்று கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார்.

குமுளி பிளஸ் ஒன்: சரி சார், விழும் கோணம் கேட்டால்?

கம்பம் வாத்தியார்: செங்குத்து வேகம் 19.6-ஐக் கிடை வேகம் 12-ஆல் வகு, கோணத்தின் டேன் (tan) மதிப்பு 1.63. கிடைக்கோட்டுக்குக் கீழே சுமார் 58.5 டிகிரி.