மூக்கையூர் முதல் ஏர்வாடி வரை கரையோர நடை: கேமரா எதற்கு, போன் போதாதா?

உப்பங்காற்று (மதுரை)

மாசியில் நாங்கள் மூன்று பேர் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மூக்கையூரில் தொடங்கி மாரியூர், வாலிநோக்கம் வழியாக ஏர்வாடி வரை கரையை ஒட்டியே நடக்கப் போகிறோம். அவசரமே இல்லாத நடை, இரவில் ஏதாவது ஊரில் தங்கல். தண்ணீர், சாப்பாடு தவிர்த்து ஆளுக்கு நாலரை கிலோவுக்குள் முதுகுப்பை என்று கணக்கு. படம் எடுக்கப் போன் மட்டும்தான். குழுவில் ஒருவர் மட்டும் டிஎஸ்எல்ஆரும் (லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமரா) அதற்கொரு நீள லென்ஸும் கொண்டுவந்தே தீருவேன் என்று நிற்கிறார், அவருக்குக் காட்டத்தான் இந்த இழை.

என் கட்சி இதுதான். நடக்கிறபோது பைக்குள் இருக்கும் கேமரா வெளியே வராது. கழுத்தில் தொங்கவிட்டால் நெஞ்சில் இடித்துக்கொண்டே இருக்கும், மணல் காற்றில் லென்ஸ் மாற்றவும் முடியாது. போன் என்றால் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்தோமா, படம் பிடித்தோமா, நடந்தோமா என்று போய்விடலாம். இந்தக் கரையில் மலை, அருவி என்று எதுவும் இல்லை. கடல், மணல், பனை, வத்தை (சின்ன மீன்பிடிப் படகு), வானம் என்று எல்லாமே அகலமான காட்சி, அதற்குப் போனின் சாதாரண லென்ஸே தாராளம். நாம் போட்டிக்கா அனுப்பப் போகிறோம்?

நெடுங்குழல்

அந்த நண்பர் நான் இல்லை, ஆனால் அவர் பக்கம்தான் பேசுவேன். எடை எடை என்கிறீர்களே, அந்த வெயிலில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டராவது தண்ணீர் வேண்டும், அதாவது நாலு கிலோ. நிழல் இல்லாத, நல்ல தண்ணீர் இல்லாத கரையில் பையின் எடையைத் தீர்மானிப்பது தண்ணீர்தான், முக்கால் கிலோ கேமரா அல்ல. கூடாரத்துக் குச்சியைக் கிராமில் நிறுத்துகிறவர்கள் முதலில் அடுத்த குடத்தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று வரைபடம் போடட்டும்.

அப்புறம், மாசியில் போகிறீர்கள். பறவைகள் இருக்கிற மாதம். தனுஷ்கோடியில் பூநாரைக்கென்றே 2025ல் சரணாலயம் அறிவித்தார்கள். நீங்கள் போகும் பாதைக்கு உள்ளே தள்ளி முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று இரண்டு சரணாலயம், இரண்டும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளவை. போனை வைத்துக்கொண்டு அங்கே என்ன எடுப்பீர்கள், தூரத்தில் நாலு வெள்ளைப் புள்ளியா?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. போனில் எட்டாது என்பதால்தான் ஆட்கள் பறவைக் கூட்டத்துக்குள்ளேயே நடந்து போகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடுகிற பறவையை, ஸ்டேட்டஸில் போட ஒரு படத்துக்காகக் கிளப்பிவிடுவது. நீள லென்ஸ் இருந்தால் தள்ளியே நிற்கலாம்.

உப்பங்காற்று

கூட்டத்துக்குள் நடப்பது போனின் குற்றமா, ஆளின் குற்றமா? நீள லென்ஸ் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே என்று தவழ்ந்து போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பூநாரை தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தால் கோடாகவே எடுத்துவிட்டுப் போகிறேன், அந்த இடத்தில் அது அப்படித்தான் தெரிகிறது. இறகு இறகாகப் பார்க்க ஆசைப்பட்டால் பைனாகுலர் போதும், கண் பார்க்கட்டும். எல்லாவற்றையும் கோப்பாக வீட்டுக்குக் கொண்டுவரணுமா?

தண்ணீர் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவே என் பக்கத்துக்குத்தான் பலம். நாலு கிலோ தண்ணீரைக் குறைக்க முடியாது என்பதால்தான் குறைக்க முடிந்ததைக் குறைக்கிறேன்.

சுமைதாங்கி

இரண்டு பேருமே தப்பான தராசில் நிறுத்துகிறீர்கள். உப்பங்காற்று, உங்கள் போன் கேமரா மட்டும் இல்லை. வரைபடம் அதில், டார்ச் அதில், டீக்கடைக்கு ஜிபே அதில், திரும்பி வர டிக்கெட் அதில், யாருக்காவது காலில் அடிபட்டால் 108 கூப்பிடுவதும் அதில். அதையே நாள் முழுக்க வெயிலில் நீட்டிப் படம் எடுத்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு அது செத்துப்போனால்?

பவர் பேங்க் என்பீர்கள். 10,000 எம்ஏஎச் என்று அட்டையில் போட்டிருந்தாலும் போனுக்குள் போய்ச் சேருவது ஏறக்குறைய ஆறாயிரம்தான், மீதி மின்னழுத்தம் மாற்றுவதிலும் சூட்டிலும் போய்விடும். அது ஒன்றே சுமார் 200 கிராம். மூன்று நாளைக்கு இரண்டு எடுத்தால் 400. ஒரு சின்ன காம்பாக்ட் கேமராவே 300 கிராமுக்குள் வருகிறது. எங்கே போனது உங்கள் மிச்சம்?

சூடு இன்னொரு பக்கம். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்கிற வெளி வெப்ப வரம்பே 35 டிகிரிதான். நேர் வெயிலில் மணல்மேல் வைத்தால் மாசியிலேயே அதைத் தாண்டும். திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறாது, ஒரு கட்டத்தில் எச்சரிக்கை போட்டுவிட்டு நின்றுவிடும்.

நான் செய்வது: நல்ல போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு கேமராவாக மட்டும் வைத்துக்கொள்வேன். சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டுவிடுவேன். பட்டன் போன் 80 கிராம் இருக்கும், நாள்கணக்கில் சார்ஜ் நிற்கும். கையில் ரொக்கம். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் ஏரோப்ளேன் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

நெடுங்குழல்

ஆக, கேமரா வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு போன், இரண்டு பவர் பேங்க். நல்லா இருக்கு உங்க எடைக் குறைப்பு.

கீழக்கரையான்

நான் இந்தப் பக்கத்து ஆள். உங்கள் கேமரா சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் நடையைப் பற்றிச் சொல்கிறேன்.

கரையில் கூடாரம் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இலங்கைக்கு எதிரே உள்ள கரை, கடத்தல் வழக்குகள் நடக்கிற கரை. ராத்திரி மணலில் வெளிச்சம் தெரிந்தால் முதலில் வருவது மெரைன் போலீஸ். ஊருக்குள் கேட்டுத் தங்குங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ட்ரோன் பேச்சே வேண்டாம். தெரிகிற தீவுக்குப் படகில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னாலும் ஏறாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் இறங்கினால் வனத்துறை வழக்குப் போடும்.

காற்று ஊதுகிற மெத்தை கொண்டுவருபவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிடலாம். கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்தால் சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும்தான். முதல் ராத்திரியே காற்றுப் போய்விடும், மெல்லிய செருப்பிலும் ஏறும். ஃபோம் விரிப்பு இல்லை என்றால் ஏதாவது ஒரு ஓலைப்பாய்.

தண்ணீரை ஓசியில் கேட்காதீர்கள். பல ஊரில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாயில் எப்போது வரும் என்று காத்திருந்து பிடித்து வைத்தது, அதுவும் போதாமல் குடம் காசு கொடுத்து வாங்குகிறோம். கடையில் கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட, நீங்கள் நடக்கும் திசையே தப்பு. மூக்கையூரிலிருந்து ஏர்வாடி என்றால் கிழக்கு, வடகிழக்கு பார்த்து நடக்கிறீர்கள். காலை வெயில் முகத்தில் அடிக்கும். மாசியில் வாடையின் மிச்சமும் எதிரே அடிக்கும், மணலோடு சேர்த்து. ஏர்வாடியில் தொடங்கி மூக்கையூரில் முடியுங்கள், வெயிலும் காற்றும் முதுகுப்பக்கம்.

உப்பங்காற்று

காக்கா (அண்ணே), திசையை யோசிக்கவே இல்லை, நன்றி. கூடாரம் எடுக்கவில்லை, ஊர்த் தங்கல்தான். ஆனால் படத்துக்கு எதிர் வெயில் நல்லதுதானே? வத்தையும் ஆளும் கறுப்பு உருவமாக, பின்னால் கடல் மின்னிக்கொண்டு. போன்களும் இப்போது இரண்டு மூன்று படத்தைச் சேர்த்து வெளிச்சத்தைச் சமன் செய்துவிடுகின்றன.

நெடுங்குழல்

அந்தச் சமன்தான் எனக்குப் பிடிக்காதது. கறுக்க வேண்டியதைக் கறுக்க விடாமல் நிழலை எல்லாம் தூக்கிவிடும், பளபள என்று நாடகச் சீலை மாதிரி இருக்கும். வானம் ஒரு நீலம், மணல் ஒரு மஞ்சள், எல்லார் படமும் ஒரே படம்.

வாலிநோக்கத்து உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே அரசு உப்பு நிறுவனத்தின் பாத்திகள் உண்டு. உப்புக் குவியல் திரையை நிறைத்தால் போன் அதைச் சாம்பல் ஆக்கும். வெயிலில் கறுத்த ஒரு ஆள் குவியல் முன்னால் நின்றால் ஆளைத் தூக்கப்போய் உப்பை வெறும் வெள்ளைத் தாள் ஆக்கும்.

உப்பங்காற்று

அது ஆட்டோவில் விட்டால். திரையில் அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலை மேலே கீழே இழுத்தால் ஆயிற்று. வெறும் உப்பு என்றால் கொஞ்சம் ஏற்றணும், உப்பும் ஆளும் என்றால் இறக்கணும். பல போன்களில் ரா ஃபைலும் (போன் திருத்தாத மூலப் படம்) எடுக்கலாம். இதைச் செய்யச் சோம்பல்பட்டால் டிஎஸ்எல்ஆரிலும் அதே கதிதான்.

ஒன்று சொல்கிறேன், இந்தக் கரையில் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது, அதனால் ஈர மணல் பட்டை ரொம்ப ஒடுக்கம். வானம் பிரதிபலிக்கிற படம் கடற்கரையில் தேடினால் கிடைக்காது, உப்பளப் பாத்தியில் கிடைக்கும். போனைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸ் தண்ணீரை ஒட்டி இருக்கிற மாதிரி பிடித்தால் அந்த ஒரு சாண் தண்ணீரே ஏரி ஆகிவிடும். பெரிய கேமராவை அப்படிப் பிடிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சுமைதாங்கி

பிடிக்கும்போது பாத்திக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் தண்ணீர் புகாது என்று போடுகிற ஐபி68 என்பது நன்னீருக்குச் சோதித்த தரம், உப்புநீருக்கு இல்லை. நனைந்தால் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, மறுநாள்தான் சார்ஜ். லென்ஸில் உப்புப் படிந்திருக்கும்போது வேட்டித் தலைப்பால் தேய்த்தால் மணல் கீறிவிடும். முதலில் இரண்டு சொட்டுத் தண்ணீர், பிறகு துணி. கடற்கரைப் படம் மங்கலாக வருகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு லென்ஸில் கைரேகையும் உப்பும்தான் காரணம்.

பாசிக்கரை (பாம்பன்)

ஆளும் வத்தையும், உப்பும் ஆளும் என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள், அந்த ஆளிடம் கேட்டீர்களா என்று ஒருவர்கூட எழுதவில்லை. எங்கள் ஊரில் கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஈரத் துணியோடு கரையேறும் நேரம் பார்த்துத்தான் படம் எடுக்க வருகிறார்கள். கேமரா வைத்திருப்பவரையாவது தூரத்திலேயே தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வேண்டாம் என்று கையைக் காட்டலாம். போன் வைத்திருப்பவர் யாரோடோ பேசுகிற மாதிரி நின்று எடுத்துவிட்டுப் போகிறார்.

உப்பங்காற்று

அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். நாங்கள் கேட்டுத்தான் எடுப்போம், வேண்டாம் என்றால் போனை உள்ளே வைத்துவிடுவோம்.

பாசிக்கரை (பாம்பன்)

கேட்டு எடுப்பவர்களிலும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், வீட்டுக்குப் போய் அனுப்பி வைக்கிறேன் என்று. கேமராக்காரர்கள் அனுப்பியதே இல்லை. போனில் எடுத்தால் அங்கேயே வாட்சப்பில் போட்டுவிடலாமே. நான் போன் கட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எடுத்த படத்தை நின்ற இடத்திலேயே கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறேன்.

நெடுங்குழல்

என் கேமராவிலிருந்தும் வைஃபையில் போனுக்கு மாற்றி அனுப்பலாம் அம்மா. எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பறவை விஷயத்தில் இறங்கி வர மாட்டேன். உப்பங்காற்று, உங்கள் நண்பர் லென்ஸைக் கொண்டுவரட்டும், அவரே சுமக்கட்டும், அவர் பங்குத் தண்ணீரையும் அவரே சுமக்கட்டும். முடிவது மூக்கையூர் என்றால் சாயல்குடி வந்து சித்திரங்குடிக்கு ஒரு காலைப் பொழுது ஒதுக்குங்கள், கண்மாய்க் கரையிலிருந்தே பார்க்கலாம். அன்றைக்கு அந்த லென்ஸ் வழியாக நீங்களும் எட்டிப் பார்ப்பீர்கள்.

உப்பங்காற்று

பார்ப்பேன், பார்க்க மாட்டேன் என்று எப்போது சொன்னேன்? சுமக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். பட்டன் போன் யோசனை பிடித்திருக்கிறது, வீட்டில் அப்பாவின் பழையது ஒன்று கிடக்கிறது. திசையையும் மாற்றிவிட்டோம், வியாழக்கிழமை சாயங்காலம் ஏர்வாடிக்கு வந்து தங்கி வெள்ளி விடியற்காலை கிளம்புகிறோம்.

கீழக்கரையான்

வியாழன் ராத்திரி தர்காவில் கூட்டம், லாட்ஜில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் இரட்டை வாடகை கேட்பார்கள். திங்களோ செவ்வாயோ வாருங்கள். குண்டாறு கடலில் சேருகிற இடத்தில் சேறு இருக்கும், நேராக இறங்காமல் ஊர்க்காரரிடம் வழி கேட்டுச் சுற்றிப் போங்கள். உப்பளத்துக்குள் நுழையும் முன் வாசலில் சொல்லிவிட்டுப் போகணும், காலையில் வேலை நடக்கும் நேரம் என்றால் லாரி ஓடும் பாதையில் நிற்காதீர்கள்.

உப்பங்காற்று

சரி காக்கா, திங்கள்.