மறுமொழி: ‘நன்மை பயக்கும் பூச்சி’க்கு ஒரு சொல் – பயிர்த்துணை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பயிருக்கு உதவும் பூச்சிகளுக்குத் தமிழில் ஒரு பெயர் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் இன்று காலை ஒரே மூச்சில் வாசித்தேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுத முடியாது. இரண்டு மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

> நன்மை செய்யும் பூச்சிகள் என்று எத்தனையோ ஆண்டுகளாக எழுதுகிறோம். உழவருக்கும் புரிகிறது. புதுச் சொல் எதற்கு?

கோவை ஐயா கேட்டது நியாயமான கேள்வி. போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் உரப்பைகளிலும் பழைய பெயின்ற் வாளிகளிலும் பயற்றை, கத்தரி, பாகல் வைத்திருக்கிறேன். பயற்றங்கொடியின் குருத்து முழுக்க அழுக்கணவன் கறுப்பாக அப்பிக் கிடந்தது. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: நீங்கள் அசுவினி என்பதைத்தான் நாங்கள் அழுக்கணவன் என்கிறோம்.) கீழ்வீட்டு அன்ரி உதவிக்கு வந்து, சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல்துலக்கியைத் தோய்த்து ஒவ்வொரு இலையாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். ஓர் இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள், நெல்மணியை நட்டுவைத்ததுபோல் நெருக்கமாக நிமிர்ந்து நின்றன. இரண்டு விரல் தள்ளி ஒரு குடம்பி (முட்டையிலிருந்து வந்த புழுப் பருவம்). கருஞ்சாம்பல் உடம்பு, முதுகில் செம்மஞ்சள் பொட்டு, முன்பக்கம் மூன்று சோடிக் கால்கள், பின்பக்கம் ஒடுங்கிப்போய், விரல்நகத்தை விடச் சிறிய முதலைக்குட்டி ஒன்றைப் போல. ஓர் அழுக்கணவனை வாயில் கவ்வி உறிஞ்சிக்கொண்டிருந்தது. பொறிவண்டின், அதாவது முதுகில் புள்ளி போட்ட அந்தச் சின்ன உருண்டை வண்டின், பிள்ளை அது.

“அன்ரி, அதை விடுங்கோ.”

“இதுவும் கிருமிதானே பிள்ளை?”

“இல்லை, இது நன்மை பயக்கும் பூச்சி” என்று நான் சொல்லி முடிக்கும்போது முட்டையும் இல்லை, குடம்பியும் இல்லை.

அன்ரியில் பிழை இல்லை. அவர் சொன்ன ‘கிருமி’ என்ற சொல்லைப் பாருங்கள். இலங்கைத் தமிழில் பூச்சிமருந்துக்குப் பேச்சில் ‘கிருமிநாசினி’ என்றுதான் பெயர். ஆஸ்பத்திரித் தரையைக் கழுவுவதும் கிருமிநாசினி, கத்தரிக்கு அடிப்பதும் கிருமிநாசினி. சிங்களத்தில் ‘க்ருமி’ என்றால் பூச்சி. அதனால் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ‘ஹிதகர க்ருமி’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார், அவருக்கு அது இயல்பாகவே நல்ல பூச்சி. தமிழில் ‘நல்ல கிருமி’ என்றால் யார் கேட்பார்கள்? தோட்டத்தில் அசைவதெல்லாம் நோய் என்று எங்கள் சொல்லே முடிவுகட்டி வைத்திருக்கிறது. அதற்கு எதிரே நிறுத்த எங்களிடம் இருப்பது ஒரு விளக்கம்தான். பெயர் இல்லை.

விளக்கத்தை வைத்துக்கொண்டு அடுத்த சொல்லைக் கட்டவும் முடியாது. ‘நன்மை பயக்கும் பூச்சிகளின் எண்ணிக்கை வீழ்ச்சிக் கணக்கெடுப்பு’ என்று ஒரு தலைப்பை எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும். போதாக்குறைக்கு, நன்மை என்றால் பட்டுப்புழுவும் நன்மைதான், அரக்குப் பூச்சியும் நன்மைதான். அவற்றுக்கும் என் பயற்றங்கொடிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

‘இயற்கை எதிரி’ பாடநூல்களில் ஊன்றிவிட்டது என்று யாழ்ப்பாணத்து ஆசிரியர் எழுதியிருந்தார். பீடைக்கு, அதாவது பயிரைத் தின்னும் பூச்சிக்கு, எதிரி என்று அறிந்தவருக்குச் சரி. அறியாதவர் ‘கத்தரியின் இயற்கை எதிரிகள்’ என்று வாசித்தால் கத்தரியைத் தின்பவை என்றுதான் நினைப்பார். எங்கள் பக்கம் நிற்கும் ஒன்றுக்கு ‘எதிரி’ என்று பெயர் வைப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

> பொறிவண்டு என்ற சொல்லையே எல்லாவற்றுக்கும் பொதுவாக விரித்துக்கொள்ளலாமே?

இது முடியாது. இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பொறிவண்டுக் குடும்பத்தில் ஏறத்தாழ 6,000 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை அழுக்கணவன், வெண்மூட்டுப்பூச்சி (நீங்கள் மாவுப்பூச்சி என்பது), செதிற்பூச்சி போன்றவற்றைத் தின்பவை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த இருபத்தெட்டுப் புள்ளி வண்டு கத்தரி இலையையும் பாகல் இலையையும் நரம்பு மட்டும் மிஞ்சும்படி சுரண்டித் தின்னும். முதுகு மினுங்காமல், மெல்லிய மயிர் போர்த்து மங்கலாக இருக்கும். அதன் குடம்பி மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு இருக்கும். பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும், பிள்ளைகளுக்கு இரண்டும் புள்ளிவண்டுதான்.

தலைகீழாகவும் நடக்கும். வெண்மூட்டுப்பூச்சியைத் தின்னும் சில பொறிவண்டுகளின் குடம்பி, தன் இரையைப் போலவே வெள்ளை மெழுகுப் பஞ்சைப் போர்த்திக்கொண்டிருக்கும். செவ்வரத்தையில் அதைப் பார்த்தால், நானே நசுக்கியிருப்பேன். (செவ்வரத்தை உங்கள் செம்பருத்தி.)

ஆகவே உருவத்தைக் கொண்டு பெயர் வைத்தால் கவிழ்ந்துவிடுவோம். செய்யும் வேலையைக் கொண்டு வைக்கவேண்டும்.

அந்த எண்ணத்தில்தான் முதலில் நான் ‘காவற்பூச்சி’ என்று போட்டேன். அதற்கு மட்டக்களப்புத் தம்பி எழுதிய ஒரே வரி மறுமொழி:

> காவல் என்றதும் எனக்குக் காவலரண்தான் கண்ணில் வருகிறது அக்கா.

அன்று முழுதும் அந்த வரி என்னோடேயே இருந்தது. பரிசோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை எடுத்து நீட்டி வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒரு பிள்ளை தோட்டத்தில் குனிந்து பார்க்கும்போது வாயில் வரவேண்டிய சொல்லில் அந்த நினைவு ஒட்டியிருக்க வேண்டாம். ‘காவற்பூச்சி’யை நான் மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

அதற்குப் பதிலாக நான் முன்வைப்பது ‘பயிர்த்துணை’.

வழித்துணை, வாழ்க்கைத்துணை, பேச்சுத்துணை என்று நம் நாக்கு ஏற்கனவே பழகிய அச்சு இது. அகராதியைத் திறக்கத் தேவையில்லை. பூச்சி என்ற சொல்லும் உள்ளே இல்லை. அது ஒரு குறை என்று ஒருவர் எழுதினார், எனக்கு அதுதான் பெரிய வசதியாகப் படுகிறது. எட்டுக் கால் சிலந்தி பூச்சியினம் அல்ல, ஆனாலும் கத்தரிச் செடியில் அது செய்வதும் இதே வேலை. தேரைக்கும் இடம் உண்டு. பூவில் மகரந்தம் காவும் தேனீக்கும் இடம் உண்டு, பட்டுப்புழுவுக்கு இல்லை. செடியிடம் அதற்கு என்ன வேலை என்று கேட்டால் போதும். உள்ளே பிரிக்கவேண்டிய இடத்தில் இரைகௌவி (பிடித்துத் தின்பது), ஒட்டுண்ணி (இன்னோர் உயிரின் உடம்பில் வளர்வது) என்ற பாடநூற் சொற்கள் அப்படியே இருக்கட்டும்.

> ஏற்கனவே ‘துணைப்பயிர்’ என்ற சொல் இருக்கிறது. குழப்பாதா?

எனக்கும் இது உறுத்தியது. ஆனால் தமிழில் கடைசியில் நிற்கும் சொல்தான் தலைச்சொல். வீட்டுத்தோட்டம் தோட்டம், தோட்டவீடு வீடு. யாரும் இவற்றை மாறி விளங்கிக்கொள்வதில்லை. துணைப்பயிர் ஒரு பயிர், பயிர்த்துணை ஒரு துணை. அவசரமாகக் காதில் விழும்போது தடுமாறலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். முதல் முறை ‘பயிர்த்துணை உயிர்’ என்று விரித்துச் சொல்லிவிட்டுப் பிறகு சுருக்கலாம்.

சரி, இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். எனக்கு இந்தச் சொல் வேண்டியதே அதற்காகத்தான்.

ஜெர்மனியில் 63 இயற்கைக் காப்பிடங்களில் 27 ஆண்டுகள் பொறி வைத்துப் பிடித்த பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017 இல் வெளிவந்த ஆய்வு உலகத்தையே உலுக்கியது. ஆனால் மொத்த எடையை மட்டும் வைத்து, குறைந்துபோனது எந்த இனம் என்று சொல்லமுடியாது. பிரித்தானியாவில் சொல்லமுடிந்தது. அங்கே சாதாரண மக்களும் இரட்டைப்புள்ளிப் பொறிவண்டு, ஏழுபுள்ளிப் பொறிவண்டு என்று பெயர் சொல்லிப் பதிவு அனுப்புகிறார்கள். அதனால்தான், ஆசியாவிலிருந்து அழுக்கணவனை ஒழிக்கவென்று ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஹார்லெக்வின் பொறிவண்டு 2004 இல் அங்கே தலைகாட்டிய பிறகு, ஐந்தாண்டுகளில் இரட்டைப்புள்ளி 44 சதவீதம் குறைந்தது என்று கணக்குச் சொல்ல முடிந்தது. புதிதாக வந்த ஹார்லெக்வின் மற்றப் பொறிவண்டுகளின் முட்டையையும் குடம்பியையும் தின்கிறது. பயிருக்குத் துணையாக வந்தது மற்றத் துணைகளுக்குப் பகையாகிவிட்டது. எனவே நம் வரைவிலக்கணத்தில் ‘எந்த நிலத்தில்’ என்ற ஒரு வரியும் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளியிலிருந்து வருவதெல்லாம் கேடு என்றும் எழுதிவிட வேண்டாம். 2008 இல் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இலங்கைக்குள் வந்து பப்பாசி, மரவள்ளி, செவ்வரத்தை எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. அடுத்த ஆண்டு கொண்டுவந்து விட்ட ‘அசெரோபேகஸ் பப்பாயே’ என்ற குண்டூசித் தலையை விடச் சிறிய குளவிதான் அதை அடக்கியது. அதற்குத் தமிழில் எனக்குத் தெரிந்து ஊர்ப்பெயர் இல்லை. கொழும்பில் பப்பாசி சாப்பிடுபவர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று வந்தது தெரியும்?

கொழும்புத் தோட்டத்தில் பயிர்த்துணையின் எண்ணிக்கை ஏறி இறங்குவதற்குக் காரணம் பல. இரை குறைந்தால் அதுவும் குறையும், இரை கூடிக் கொஞ்சம் தாமதித்துத்தான் அதுவும் கூடும். அழுக்கணவன் வெளிவிடும் இனிப்பு நீரான தேன்கழிவுக்காக அதை மேய்க்கும் எறும்பு பொறிவண்டைக் கடித்து விரட்டும். பிறகு டெங்குக்கு அடிக்கும் புகை. டெங்கு உயிரைக் குடிக்கும் நோய், புகை அடிக்கவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புகைக்கு நுளம்பும் பொறிவண்டும் ஒன்றுதான். அழுக்கணவன் ஆணில்லாமலே குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தாயாகும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு வாரம் எடுக்கும். ஆகவே புகையோ மருந்தோ அடித்த பிறகு முதலில் மீண்டு எழுவது பீடைதான். அந்த இடைவெளியை எங்கள் மக்களுக்குச் சொல்ல ஒரு தொடர் வேண்டும். ‘பயிர்த்துணை வறட்சி’ என்று சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது?

‘பயிர்த்துணைக் கணக்கெடுப்பு’, ‘பயிர்த்துணை வரம்பு’ (மருந்தடிக்காமல் பூச்செடிக்கு விடும் ஓரம்) என்பனவும் தடையில்லாமல் வருகின்றன. பன்மை ‘பயிர்த்துணைகள்’ எனக்குக் கொஞ்சம் இடறுகிறது, ஒருமையையே பொதுவாக வைத்துக்கொள்ளலாமா என்று ஆசிரியர் சொல்லவேண்டும்.

முந்தாநாள் அன்ரி படியில் நின்று கூப்பிட்டார். “பிள்ளை, உங்கட பயிர்த்துணை ஒன்று எங்கட கறிவேப்பிலையில இருக்கு. தண்ணி ஊத்தலாமோ, பறந்திடுமோ?” நான் அவருக்கு அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தேன். நெளிகோடும் புள்ளியுமாக ஒரு பொறிவண்டு, இலைக்காம்பில் அசையாமல் இருந்தது. அடியில் மட்டும் தண்ணீர் ஊற்றினோம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து