ஏஇஎஸ் சாவி ட்ரேஸிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள் (அவசரம்)

கடைசிபெஞ்ச்_22: வணக்கம். ப்ராஜெக்டுக்கு மைக்ரோகன்ட்ரோலரின் மின்நுகர்வை அளந்து ஏஇஎஸ்-128 (தகவலை மறையாக்கும் ஒரு முறை) சாவியை எடுக்கப் பார்க்கிறேன். 5000 ட்ரேஸ் (ஒரு முறை மறையாக்கும்போது மின்நுகர்வு எப்படி மாறியது என்ற பதிவு) எடுத்தும் சாவியின் 16 பைட்டில் இரண்டோ மூன்றோதான் சரியாக வருகிறது. நிரல் சரியாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு? வியாழன் ரிவ்யூ.

சால்டர்மணி: எந்தச் சில்லு? ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க வைக்கும் சிறு மின்தடை) எத்தனை ஓம்? மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

நிரல்மொழி: ட்ரிகர் (ஆசிலோஸ்கோப்பைப் பதியத் தொடங்கச் சொல்லும் சைகை) எதிலிருந்து? ப்ளெயின்டெக்ஸ்ட் (மறையாக்கக் கொடுக்கும் தகவல்) ஒவ்வொரு முறையும் மாறுகிறதா? எந்தப் புள்ளியைக் கணிக்கிறீர்கள்?

பழைய_சில்லு: கோச்சர், ஜாஃபி, ஜுன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1999-லேயே மின்நுகர்விலிருந்து சாவி எடுப்பதைப் பற்றி எழுதிவிட்டார்கள். முதலில் அதைப் படித்துவிட்டு வா தம்பி, அப்புறம் ஸ்கோப்பைத் தொடலாம். 5000 ட்ரேஸ் எல்லாம் ஒரு எண்ணிக்கையா? ஒரு லட்சம் எடு, தானாக வரும்.

கடைசிபெஞ்ச்_22: மன்னிக்கவும். அட்மெகா328பி, 16 மெகாஹெர்ட்ஸ், அர்டுயினோ போர்டிலிருந்து கழற்றி ப்ரெட்போர்டில் வைத்திருக்கிறேன். கிரவுண்ட் பக்கம் 10 ஓம். யுஎஸ்பி மின்சாரம். ப்ளெயின்டெக்ஸ்ட் ரேண்டம். கணிப்பது முதல் சுற்று எஸ்-பாக்ஸ் (ஒரு பைட்டுக்குப் பதில் இன்னொன்றைத் தரும் டேபிள்) வெளியீட்டின் ஹாமிங் வெயிட் (அதில் எத்தனை பிட் 1 என்பது). ட்ரிகர் சீரியல் லைன்.

சால்டர்மணி: சில்லின் விசிசி (மின்சாரம் நுழைவது), கிரவுண்ட் கால்களுக்கு நடுவே 100 நானோஃபாரட் கபாசிட்டர் இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள். சில்லுக்குத் திடீரென்று தேவைப்படும் மின்னோட்டத்தை அதுவே கொடுத்துவிடும், ஷன்ட் வழியாக வராது. நமக்கு வேண்டியதே அந்தத் திடீர் துள்ளல்தான். யுஎஸ்பியை விட்டு பேட்டரிக்கும் மாறுங்கள்.

நிரல்மொழி: எனக்கு ட்ரிகர் மேல்தான் சந்தேகம். சீரியலில் பைட் வந்து, லூப் அதைக் கவனித்து, ஏஇஎஸ் தொடங்குவதற்குள் ஒவ்வொரு முறையும் சில க்ளாக் முன்பின் ஆகும். ஒரு க்ளாக் 62.5 நானோ வினாடி. அந்த அளவு நகர்ந்தாலே ட்ரேஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது, யூகத்துக்கும் ட்ரேஸுக்கும் உள்ள தொடர்பு கரைந்துவிடும். போதாததற்கு அர்டுயினோவின் டைமர் இன்டரப்ட் (ஓடும் நிரலை நிறுத்திவிட்டு நேரம் எண்ணும் வேலை) 1.024 மில்லி வினாடிக்கு ஒரு முறை குறுக்கே வரும். இன்டரப்டை நிறுத்துங்கள். ஏஇஎஸ் தொடங்குவதற்குச் சற்று முன் சில்லின் ஒரு காலில் மின்னழுத்தத்தை உயர்த்தி, அதில் ட்ரிகர் வையுங்கள். ஒரு பைட்டுக்கு 256 யூகம், 16 பைட்டுக்கு மொத்தம் 4096தான். பொருந்திய ட்ரேஸ் இருந்தால் லட்சமெல்லாம் தேவைப்படாது.

பழைய_சில்லு: எதற்கு இந்தப் பாடு? இந்தச் சில்லில் கேஷ் (வேகமான இடை நினைவகம்) கிடையாது, டேபிள் எப்போதும் ஒரே நேரத்தில்தான் படிக்கும். கான்ஸ்டன்ட் டைம் (தகவல் எதுவானாலும் ஒரே நேரம் எடுக்கும்) நிரல் பாதுகாப்பானது. ஷன்ட் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு எவன் வரப்போகிறான்?

நிரல்மொழி: நேரம் வேறு, மின்சாரம் வேறு அண்ணா. எத்தனை பிட் 1 என்பதைப் பொறுத்து மின்நுகர்வு மாறும், நேரம் மாறாவிட்டாலும். ஷன்ட்டும் எப்போதும் தேவையில்லை. ஜென்கின், ஷமீர், ட்ரோமர் என்ற ஆய்வாளர்கள் 2013-இல் மடிக்கணினி எழுப்பும் ஒலியைக் கேட்டே 4096 பிட் ஆர்எஸ்ஏ (இன்னொரு மறையாக்க முறை) சாவியை எடுத்தார்கள். நல்ல மைக் இருந்தால் 4 மீட்டர் தள்ளியிருந்தும் முடிந்தது.

பழைய_சில்லு: அது ஆய்வகத்தில். தெருவில் நடந்ததா?

சால்டர்மணி: 2024-இல் யூபிகீ 5 (கணக்குகளில் நுழையப் பயன்படும் பாதுகாப்புச் சாதனம்) விஷயம் வெளியானதே. உள்ளே இருந்த இன்ஃபினியான் நிறுவனத்தின் நிரலகத்தில் (லைப்ரரி) ஒரு கணக்கு கான்ஸ்டன்ட் டைம் இல்லை, மின்காந்த அலையில் கசிந்தது. 14 ஆண்டாக யார் கண்ணிலும் படவில்லை. சாதனத்தைக் கையில் எடுத்துத் திறக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சாவியை வைத்துக்கொள்ளவென்றே செய்த சாதனம் அது.

பழைய_சில்லு: கையில் எடுத்தால் எதுவும் போகும். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

நிரல்மொழி: கையில் எடுத்தாலும் போகக்கூடாது என்றுதானே அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்?

கடைசிபெஞ்ச்_22: கபாசிட்டரை எடுத்தேன், இன்டரப்டை நிறுத்தினேன், ட்ரிகரைச் சில்லின் காலுக்கு மாற்றினேன். 800 ட்ரேஸில் 16 பைட்டும் வந்துவிட்டது! எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

சால்டர்மணி: மகிழ்ச்சி தம்பி. எது சரிசெய்தது, கபாசிட்டரா ட்ரிகரா? கபாசிட்டரைத் திரும்ப வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன்.

நிரல்மொழி: ட்ரிகர்தான். சொல்லுங்கள், காத்திருக்கிறோம்.

சால்டர்மணி: வியாழன் போய்விட்டது. தம்பி, இருக்கிறீர்களா?