ஃபர்ம்வேருக்கு ஒரு சொல் வேண்டும்: வெள்ளிக்குள் அச்சுக்குப் போகிறது

கோவைப் பயிற்சியாளர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம்.

ட்ரோன் பழுதுபார்ப்பு வகுப்புக்குத் தமிழில் செய்முறைத் தாள்கள் போடுகிறோம். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதில் ஒரு சொல்லில் நிற்கிறேன். ட்ரோனிலிருந்து வீடியோ அனுப்பும் கருவியில் (வி.டி.எக்ஸ்) ஃபர்ம்வேர் எந்த வெர்ஷன் என்று பார்க்கும் பாடம் அது. கருவியை இயக்க அதிலேயே ஏற்றியிருக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர்.

அகராதியைப் பார்த்து "நிலைபொருளின் பதிப்பைச் சரிபார்க்கவும்" என்று முதலில் எழுதியிருந்தேன். போன வாரம் தாளை ஒரு மாணவரிடம் கொடுத்தேன். ஐ.டி.ஐ. முடித்தவர், கைவேலையில் கெட்டிக்காரர். இரண்டு முறை படித்தார். வி.டி.எக்ஸ் ட்ரோனின் சட்டத்தில் உட்காரும் இடத்தின் நான்கு திருகுகளையும் இறுக்கினார். அப்புறம் கருவியைத் திருப்பி, ஸ்டிக்கரில் இருந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "நிலையா நிக்கற பொருள்னா இதுதானுங்களே சார்? பதிப்புன்னா அச்சடிச்சிருக்கறது" என்றார். அவரைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்ணில் மாட்டி வீடியோ பார்க்கும் காகிள்ஸில் புது ஃபர்ம்வேர் இருந்தது, வி.டி.எக்ஸில் பழையது. இரண்டும் சேரவில்லை, படம் வரவில்லை. காரணம் தேடிக்கொண்டே வி.டி.எக்ஸுக்கு மேசையில் மின்சாரம் கொடுத்து வைத்திருந்தோம். பறக்கும்போது காற்றே அதைக் குளிர்விக்கும். மேசையில் வைத்தால் எதிரே ஒரு விசிறி ஓட வேண்டும். அன்று விசிறி இல்லை. தொட முடியாத சூடாகிக் கருவி தானே அணைந்துவிட்டது. நல்ல வேளை, அதோடு போயிற்று.

படித்ததும் கை சரியான இடத்துக்குப் போகிற மாதிரி ஒரு சொல் தாருங்கள்.

•

நெல்லையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அந்த மாணவர் தமிழைச் சரியாகவே படித்திருக்கிறார். நிலை என்றால் கதவு நிற்கும் சட்டம். நிலைப்படி, நிலைக்கண்ணாடி எல்லாம் அந்த வழி வந்தவை. சட்டத்தைத் தேடிப் போனது அவர் பிழை அல்ல, சொல்லின் பிழை.

இலக்கணத்தையும் பார்ப்போம். நிலைபொருள் என்று ஒற்று இல்லாமல் எழுதினால் வினைத்தொகை: நிலைத்த, நிலைக்கின்ற, நிலைக்கும் பொருள். ஊறுகாய், சுடுசோறு போல. நிலைப்பொருள் என்று ஒற்று மிகுந்தால் பெயரோடு பெயர் சேர்ந்தது. அகராதிகள் இரண்டையும் கலந்து போடுகின்றன. எந்தப் பொருளில் ஆள்கிறோம் என்று யாரும் முடிவு செய்யவில்லை.

வன்மையும் மென்மையும் பண்புப் பெயர்கள். ஈறு கெட்டு வன்பொருள் (ஹார்டுவேர்), மென்பொருள் (சாஃப்ட்வேர்) ஆயின. மூன்றாவதும் அதே வரிசையில் வர வேண்டும். திண்மை, பொருள், திண்பொருள். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே வினைத்திட்பம் என்று பெயர் வைத்தார். திண்ணியர், திண்ணம், திட்பம் என்று எவ்வளவு வளமான வேர்!

•

சென்னையிலிருந்து, கட்டற்ற மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, திண்பொருள் அழகான சொல்தான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திண்மம், திரவம், வாயு என்று சொல்லித் தருகிறோம். திண்பொருள் என்றால் கல்லையும் இரும்பையும்தான் நினைப்பார்கள். அந்த மாணவர் இன்னும் நான்கு திருகை இறுக்குவார்.

பல வருடமாக இடைமுகங்களை, அதாவது மென்பொருள்களின் திரையில் தெரியும் சொற்களை, மொழிபெயர்ப்பவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நிலைபொருள் ஏற்கெனவே பல இடங்களில் ஏறிவிட்டது. ஒவ்வொரு வகுப்பும் தனக்கென ஒரு சொல் செய்துகொண்டால், தேடுபவருக்கு எதுவுமே கிடைக்காது. சொல் சுமாராக இருந்தாலும் ஒன்றாக இருக்கட்டும்.

•

யாழ்ப்பாணத்திலிருந்து, மின்னணுப் பொறியாளர்:

வணக்கம். நிலை என்பதில் எனக்கு வேறொரு தடை இருக்கிறது. ஃபர்ம்வேர் என்ற சொல்லை 1967இல் டேட்டாமேஷன் இதழில் ஆஷர் ஓப்லர் ஆக்கினார். அவர் குறித்தது கணினியின் கட்டுப்பாட்டு நினைவகத்தில் ஏற்றும் நுண்கட்டளைகளை. அந்த நினைவகம் மறுபடி எழுதக்கூடியது. அதாவது, பிறந்த நாளிலேயே அது மாறாத பொருள் அல்ல. வன்மைக்கும் மென்மைக்கும் நடுவில் இருப்பது என்பதே கருத்து. பிற்காலத்தில் ரோம் (ROM) என்ற, படிக்க மட்டுமே முடியும் நினைவகத்தில் எரித்து வைத்ததைப் பார்த்து நாங்கள் நிலை என்று பிடித்துக்கொண்டோம். மாதம் ஒரு தரம் மாற்றுகிற ஒன்றை நிலையானது என்று சொல்லி மாணவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

•

மதுரையிலிருந்து, கல்லூரி மாணவர்:

ஃபர்ம்வேரைக் கருவியில் ஏற்றுவதை நாங்கள் ஆய்வகத்தில் "ஃபிளாஷ் பண்ணு" என்போம். தமிழில் அது பதித்தல். அப்படியானால் பதிபொருள் என்று வைக்கலாமே? வினைத்தொகையும் ஆகிவிடும். ட்ரோனுக்கும் சேர்த்து ஒரு சொல் சொல்கிறேன்: தும்பி. ஆங்கிலத்தில் அது ஆண் தேனீயின் பெயர். குறுந்தொகையின் அஞ்சிறைத் தும்பியும் தேனெடுக்கும் வண்டுதான். இன்று தும்பி என்றால் தட்டான் என்கிறோம். அதுவும் நான்கு இறக்கை, இதுவும் நான்கு இறக்கை. ஞிமிறு என்று இன்னும் ஒரு சொல் இருக்கிறது, ஆனால் சொல்ல வராது.

•

யாழ்ப்பாணத்திலிருந்து மீண்டும்:

தம்பி, பதித்தல் நல்ல வினை, அதை ஃபிளாஷுக்கு வைத்துக்கொள்வோம். பதிபொருள் மட்டும் வேண்டாம். பதி, பசு, பாசம் என்று முப்பொருள் படித்து வளர்ந்த எங்கள் ஊரில், "பதிபொருளை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றவும்" என்று எழுதினால் இறைவனை நீக்கச் சொன்னதாகத்தான் வாசிப்பார்கள். நிரல் என்றால் புரோகிராம், ஆகவே பொதிநிரல் என்று நானும் ஒருகால் நினைத்தேன். பொதி என்பதை நிறுவும் மென்பொருள் தொகுப்புக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

•

சென்னையிலிருந்து மீண்டும்:

தும்பிக்குத் தனி இழை தொடங்குங்கள். வீடியோவுக்குக் காணொளியா காணொலியா என்று தனிமடலில் கேட்ட இருவருக்கும் அதேதான் பதில். அந்த இழை பழையது, நீளமானது, இன்னும் திறந்தே இருக்கிறது.

எதுவும் சரிவராவிட்டால் ஃபர்ம்வேர் என்றே எழுதலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். வகுப்பில் அதைத்தானே பேசுகிறார்கள்?

•

நெல்லையிலிருந்து மீண்டும்:

அம்மா, அதை எப்படி எழுதுவது? ஆய்தம் குற்றெழுத்தை அடுத்து, வல்லினத்துக்கு முன்னால் வரும். அஃது, எஃகு. சொல்லின் தொடக்கத்தில் அதற்கு இடம் கிடையாது. தொல்காப்பியர் காலம் தொட்டுள்ள விதி. ஒரு கருவிக்காக அதைத் தலையில் தூக்கி வைக்க வேண்டுமா? எஃகு என்று சொன்னதும் தோன்றுகிறது, வன்மையும் வளைவும் சேர்ந்தது எஃகு. எஃகுப்பொருள் என்று கூடப் பார்க்கலாம். சரி, விடுகிறேன். அதுவும் இரும்புக்கடையில் போய் நிற்கும்.

பொருள் என்ற ஈற்றை மட்டும் விட மாட்டேன். வன், மென் இரண்டும் பொருள் என்று முடியும்போது மூன்றாவது மட்டும் நிரல் என்று முடிந்தால் குடும்பம் குலைந்துவிடும்.

•

கோவையிலிருந்து:

ஐயா, அந்த வரிசையைப் பார்த்துத்தான் அவர் கையில் எடுக்கும் பொருளைத் தேடினார். மென்பொருள் பழகிவிட்டதால் யாரும் பொருளைத் தேடுவதில்லை. புதுச் சொல்லில் தேடுவார்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன நடுநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் இளநீருக்கும் முற்றிய தேங்காய்க்கும் நடுவில் வழுக்கை இருக்கிறது, அந்த மாதிரி. ஆனால் என் மாணவருக்கு அது மென்மையா வன்மையா என்பது வேண்டியதில்லை. எங்கே இருக்கிறது, எப்படிப் பார்ப்பது, அவ்வளவுதான்.

ஒரு ட்ரோன் செட்டில் இது ஒன்றா இரண்டா? பறப்பைக் கட்டுப்படுத்தும் போர்டில் ஒன்று, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யில் ஒன்று, ரிசீவரில் ஒன்று, வி.டி.எக்ஸில் ஒன்று, காகிள்ஸில் ஒன்று. ஒவ்வொன்றையும் பார்க்கும் வழி வேறு. போர்டில் இருப்பது பீட்டாஃபிளைட் என்ற ஃபர்ம்வேர் என்றால் கணினியில் இணைத்து ஒரு கட்டளை கொடுத்தால் எண் வரும். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவர் எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். வகை என்றால் ரிமோட்டிலும் ரிசீவரிலும் எண்ணின் முதல் இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேராது. டி.ஜே.ஐ. நிறுவனத்தின் ஓ3 வி.டி.எக்ஸை யு.எஸ்.பி-சி வழியாக அவர்களுடைய கணினி மென்பொருளில் இணைத்துப் பார்க்கலாம். பழைய அனலாக் 5.8 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் இந்தப் பொருத்தமே தேவையில்லை, அலைவரிசை சரியாக இருந்தால் படம் வந்துவிடும். எல்லாத் தாளிலும் இந்த ஒரு சொல் வரப் போகிறது. அதனால்தான் இவ்வளவு கெஞ்சுகிறேன்.

உள்நிரல் என்று எழுதினால் என்ன?

•

நெல்லையிலிருந்து:

உள், நிரல். புணர்ச்சியில் ளகரத்தின் முன் நகரம் ணகரமாகும். முள்ளும் நுனியும் முண்ணுனி ஆவது போல, இது உண்ணிரல். சாப்பாட்டு ஞாபகம் வருகிறது.

•

சென்னையிலிருந்து:

உள்நாடு, உள்நோக்கம் என்று நாளிதழில் தினமும் எழுதுகிறோமே ஐயா, யாரும் உண்ணாடு என்று எழுதுவதில்லை. என் தடை வேறு. எல்லா நிரலும் ஏதோ ஒன்றின் உள்ளேதான் இருக்கிறது. செயலிக்குள் இருப்பது உள்நிரல் இல்லையா?

அப்டேட்டுக்கு இற்றைப்படுத்தல் என்று வரைவில் இருக்கிறது. இது எனக்குப் பிடித்த சொல். பாரி மகளிர் அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள் என்று பாடிய அதே இற்றை. அதையாவது மாற்றாதீர்கள்.

•

கோவையிலிருந்து:

அம்மா, மன்னிக்கவும். அதையும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கயிறு இற்றுப் போகும், பலகை இற்றுப் போகும். "இற்றைப்படுத்தினா கெட்டுப் போயிருமாங்க?" என்று ஒரு பெண் கேட்டார். பாதியில் மின்சாரம் போனால் கருவி எழுந்திருக்காமலே போகும், ஆகவே அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. புதுப்பித்தல் என்று போடுகிறேன்.

பதிப்பை விட மனமில்லை. ஆனால் "பதிப்பு எண்" என்று பிரித்து எழுதி, "திரையில் தெரியும் எண், ஸ்டிக்கரில் இருப்பது அல்ல" என்று அடுத்த வரி சேர்க்கிறேன்.

•

கோவையிலிருந்து, வியாழன் இரவு:

இன்று மாலை உள்நிரல் என்று மாற்றிய தாளைப் புது மாணவர் ஒருவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைத் தூக்கி, "உள்ள இருக்கறதை எப்படிங்க சார் பாக்கறது?" என்றார். இரண்டு வாரமாக நான் கேட்க நினைத்த கேள்வி அதுதான். ஆன்டெனாவை மாட்டினார், விசிறியை எதிரே திருப்பினார், மின்சாரம் கொடுத்தார், காகிள்ஸ் மெனுவைத் திறந்தார். வி.டி.எக்ஸ், காகிள்ஸ் இரண்டின் எண்ணையும் அடுத்தடுத்து எழுதினார். எண்கள் வேறாக இருந்ததையும் அவரே கண்டுபிடித்தார்.

நேற்று வரை வந்த மடல்களில் உள்நிரலுக்கு நான்கு பேர், நிலைபொருளுக்கு மூன்று பேர், திண்பொருளுக்கு ஐயா. நால்வரில் இருவர் "போதும், ஏதாவது ஒன்றைப் போடுங்கள்" என்று எழுதியவர்கள். தாளில் உள்நிரல் போகிறது. இடைமுகத்தில் பார்க்கும்போது திகைக்கக் கூடாது என்பதற்காகக் கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் நிலைபொருளும் இருக்கும்.

•

யாழ்ப்பாணத்திலிருந்து:

நல்லது. நாங்கள் நிரலைச் செய்நிரல் என்றே எழுதுவோம், ஆகவே இங்கே அது உட்செய்நிரல் ஆகும். புணர்ச்சியும் ஐயாவுக்குப் பிடிக்கும்.

•

நெல்லையிலிருந்து:

உட்செய்நிரல் இலக்கணப்படி சரி. அச்சை நிறுத்த வேண்டாம், தம்பி. சொற்பட்டியலில் நிலைபொருளுக்குக் கீழே ஒரு வரி இடம் இருந்தால், திண்பொருளையும் போட்டு வையுங்கள்.