ஆறாம் தலைமுறை ஐ3: விண்டோஸ் 11-க்காக 28,000 ரூபாய் கொடுக்கலாமா?

குடந்தை டைப்பிங்:
கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறேன். ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். எல்லாம் பக்கம் வடிவமைக்கும் அடோபியின் பேஜ்மேக்கர் 7 மென்பொருள், பழைய ஃபாண்டுகளில்தான். ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, போர்டு, பிராசஸர் மாத்தினால்தான் 11 ஏறும்" என்று கடைக்காரர் 28,000 சொல்கிறார். 11 இலவசம் என்கிறார்களே, அப்புறம் எதற்கு இவ்வளவு?

பழையபெட்டி:
ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துப் பென்டிரைவ் தயார் செய்தால் இதே கணினியில் 11 ஏறிவிடும் அக்கா. பைசா செலவில்லை.

சர்வீஸ்ராஜா:
ஏறும், மறுக்கவில்லை. ஆனால் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் 11-க்கு ஆதரவு. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. சோறு போடும் கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

அக்கா, நீங்கள் கொடுக்கப்போகும் பணம் விண்டோஸுக்கு இல்லை, போர்டுக்கு. பேஜ்மேக்கருக்கு அந்தப் போர்டால் ஒரு லாபமும் கிடையாது. 2004-இலேயே அடோபி அதைக் கைகழுவிவிட்டது. 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது உண்மை. ஆனால் வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விலை 30 டாலர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் அதுவும் இலவசம். ஸ்டார்ட்டில் winver என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 10-இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2 என்று காட்ட வேண்டும். பிறகு செட்டிங்ஸில் அப்டேட் பக்கம் போனால் சேர்வதற்கான இணைப்பு இருக்கும்.

கையில் காசு இருந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள். ஆய்வேட்டில் பக்கம் புரட்டும்போது நிற்கிற அந்த மணல்கடிகாரத்துக்கு மருந்து அதுதான், 11 இல்லை.

அந்த நீட்டிப்பு முடிந்தால் எப்படியும் கணினி மாற்ற வேண்டிவரும். அதற்குள் முக்கியமான பழைய மேட்டரையெல்லாம் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். பேஜ்மேக்கருக்குப் பதிலாக அடோபி கொண்டுவந்த இன்டிசைனில், பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கிற கடைசிப் பதிப்பு சிஎஸ்6தான், அதற்குப் பின் வந்த சிசி திறக்காது.

குடந்தை டைப்பிங்:
22ஹெச்2 தான் தம்பி, இணைப்பும் இருக்கிறது. எஸ்எஸ்டி 256 ஜிபி போதுமா?

சர்வீஸ்ராஜா:
உங்கள் வேலைக்குத் தாராளம். ராம் வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். ஆறாம் தலைமுறைப் போர்டுகளில் டிடிஆர்3 வகை ராம் போடுவதும் உண்டு, டிடிஆர்4 வகை போடுவதும் உண்டு. மாற்றி வாங்கினால் ஸ்லாட்டில் உட்காராது.