விசா சின்னம் உள்ள டெபிட் கார்டு: கணக்கில் பணம் இருந்தும் மறுக்கப்படுகிறது, உதவுங்கள்

பிறை_மலர்:
அனைவருக்கும் வணக்கம். இன்று மதியம் இங்கே பினாங்கில் ஒரு மருந்தகத்தில் என் கார்டு இரண்டு முறை மறுக்கப்பட்டது. கணக்கில் பணம் இருக்கிறது. விசா என்று போட்டிருப்பதால், இருப்பு சற்றுக் குறைந்தாலும் வங்கி கொடுத்துவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளும் என்றே நினைத்திருந்தேன். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை நாளையோடு முடிகிறது. யாராவது விரைவாகச் சொல்லுங்கள்.

பாகான்_அண்ணன்:
தங்கச்சி, அது டெபிட் கார்டா, கடன் அட்டையா? எவ்வளவு இருப்பு, எவ்வளவு தொகை? கார்டைச் செருகினீர்களா, கருவியின் மேல் வைத்தீர்களா? இவை தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

ஜெலுத்தோங்_செல்வம்:
சிப்பில் அழுக்குப் படிந்திருக்கும். பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள்; என் கார்டு அப்படித்தான் சரியானது.

ஆயர்_ஈத்தாம்_வாசகர்:
மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி, வெளிநாட்டுப் பயன்பாடு வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்கப்படும். உங்கள் கார்டும் அப்படிப் பூட்டியிருக்கலாம். செயலியின் அமைப்புகளைப் பாருங்கள்.

மூத்த_உறுப்பினர்:
வெளிநாட்டுப் பூட்டுக்கும் பினாங்கு மருந்தகத்துக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு நான் பலமுறை விடையளித்திருக்கிறேன்; பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. பிறை_மலர், கார்டை நேற்றோ இன்றோ வேறு எங்கே பயன்படுத்தினீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.

பிறை_மலர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். டெபிட் கார்டுதான், சிப்பைச் செருகிப் பின் எண்ணையும் சரியாகவே அழுத்தினேன். காலையில் இருப்பு 248 வெள்ளி (ரிங்கிட்) 60 சென். வேலைக்குப் போகும் வழியில் பெட்ரோல் நிலையத்தில், பம்ப்பிலேயே கார்டைச் செருகி 40 வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றினேன். மருந்துக்கு 65 வெள்ளி. செயலியில் இப்போது இரண்டு தொகைகள் தெரிகின்றன: மேலே 248.60, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘பயன்படுத்தக்கூடிய இருப்பு’ 48.60.

மூத்த_உறுப்பினர்:
விடை அந்தச் சிறிய எழுத்திலேயே இருக்கிறது. எவ்வளவு ஊற்றப் போகிறீர்கள் என்பது பம்ப்புக்கு முன்கூட்டித் தெரியாததால், குழாயைத் திறப்பதற்கு முன்பே அது 200 வெள்ளிக்கு முன் அனுமதி கேட்கிறது, உங்கள் வங்கியும் அத்தொகையை ஒதுக்கி வைத்துவிடுகிறது. 248.60இல் 200 போனால் மிச்சம் 48.60, அதில் 65 எப்படிப் போகும்? நிலையம் 40 வெள்ளிக்கான இறுதிக் கணக்கை அனுப்பி, வங்கி அதைச் சரிபார்த்த பிறகே மீதி 160 விடுபடும். அதற்குச் சில வேலை நாள்கள் ஆகலாம். விசா என்பது பணம் கொடுப்பவர் அல்ல, கடையின் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் இடையே செய்தி ஓடும் சாலை மட்டுமே. அந்தச் சாலையில் கடன் அட்டையும் ஓடும், டெபிட் கார்டும் ஓடும். கடன் கொடுப்பதா என்பது உங்கள் வங்கியுடன் நீங்கள் செய்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

பாகான்_அண்ணன்:
ஐயா சொல்வது சரி. இனிமேல் முகப்பில் போய், பம்ப் எண்ணைச் சொல்லி, 40 வெள்ளி என்று முன்கூட்டியே கட்டிவிடுங்கள். அந்தத் தொகை மட்டுமே போகும்.

ஜெலுத்தோங்_செல்வம்:
கையொப்பம் கேட்டால் கிரெடிட், பின் எண் கேட்டால் டெபிட் என்றுதானே முன்பு சொல்வார்கள்? கடன் அட்டையாக இருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

மூத்த_உறுப்பினர்:
2017 ஜூலை 1 முதல் நம் நாட்டில் இரண்டுக்குமே ஆறு இலக்கப் பின் எண்தான். கையொப்பத்தை வைத்து இனியும் அளக்காதீர்கள். கடன் அட்டையிலும் பம்ப் அதே தொகையை ஒதுக்கி வைக்கிறது. ஆனால் அது வங்கி கொடுத்த வரம்பிலிருந்து போகிறது, உங்கள் சம்பளத்திலிருந்து அல்ல. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆயர்_ஈத்தாம்_வாசகர்:
அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது, ஐயா. தவறாகப் பணம் எடுக்கப்பட்டால் விசா டெபிட்டிலும் முறையீடு செய்யலாம் என்பது உண்மை. ஆனால் விசாரணை முடியும்வரை வெளியே நிற்பது நம் சொந்தப் பணம். மாத வாடகை கட்டக் காத்திருப்பவருக்கு அது சிறிய வேறுபாடு அல்ல.

மூத்த_உறுப்பினர்:
அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி இல்லாதவருக்குப் பொதுவாகக் கடன் அட்டை கிடைக்காது. கிடைத்தாலும் ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு. எல்லோரையும் கடன் அட்டைக்குத் தள்ளுவது தீர்வாகாது.

ஆயர்_ஈத்தாம்_வாசகர்:
நான் யாரையும் தள்ளவில்லை. அன்றாடச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கலாம் என்பதே என் கருத்து.

பாகான்_அண்ணன்:
இருவரும் சற்று நிறுத்துங்கள். தங்கச்சி, மருந்து கிடைத்ததா?

பிறை_மலர்:
கிடைத்தது, அண்ணா. தம்பி டூயிட்நௌ என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகக் கட்டினான். மூன்று நாள் கழித்து இன்று காலை பார்த்தேன்: இரண்டு தொகைகளும் 208.60 என்று காட்டுகின்றன. எல்லோருக்கும் நன்றி.