டைம் அலைன்மென்ட்: ஒரு சீட்டுக்கா, கார் முழுக்கவா?

முல்லை74: காரில் கதவு ஸ்பீக்கர், ட்வீட்டர் (மேல் ஸ்தாயி ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்), ஆம்ப், டிஎஸ்பி (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் பெட்டி) எல்லாம் மாட்டியாச்சு. சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) இல்லை. குரல் முழுக்க என் பக்கக் கதவிலிருந்தே வருகிறது. பேஸும் மெலிசு; ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸை எவ்வளவு ஏற்றினாலும் அசைய மாட்டேன் என்கிறது. எங்கே கை வைப்பது?

தாளக்காரன்: டைம் அலைன்மென்ட்டில், அதாவது எல்லா ஸ்பீக்கர் ஒலியும் காதுக்கு ஒரே நேரத்தில் வர வைப்பதில். உங்கள் பக்கத்து ஸ்பீக்கர் காதிலிருந்து 90 செ.மீ., எதிர்ப்பக்கம் 140 செ.மீ. என்று வையுங்கள். ஒரு மில்லிசெகண்டில் ஒலி போவது சுமார் 34 செ.மீ. உங்கள் பக்கத்து ஸ்பீக்கரை 1.5 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் குரல் டேஷ்போர்டு நடுவுக்கு வந்துவிடும்.

குமரன்_ஆடியோ: வரும், ஓட்டுகிறவருக்கு! பக்கத்து சீட்காரருக்கு அவர் பக்கக் கதவுதான் ஏற்கெனவே முந்துகிறது. ஓட்டுகிறவர் பக்கத்தையும் தாமதித்தால் அவருக்கு வித்தியாசம் இரட்டிப்பு. கார் என்ன ஹெட்ஃபோனா?

முல்லை, பேஸுக்கு முதலில் போலாரிட்டி (பிளஸ் மைனஸ் இணைப்பு) பாருங்கள். ஒரு கதவில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் ஒரு கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஈக்வலைசரில் ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், பள்ளம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஆம்ப் இரு மடங்கு பவர் கொடுக்க வேண்டும், அதுதான் மிச்சம். கதவு வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) வயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் கொடுத்தால் கோன் வெளியே வர வேண்டும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

தாளக்காரன்: போலாரிட்டி சரி, அது தப்பாக இருக்கும்போது தாமதம் வைத்தும் பயனில்லை. ஆனால் எல்லாருக்கும் சமமாக வைத்தால் எல்லாருக்கும் சுமாராகத்தான் கேட்கும். பல டிஎஸ்பியில் ப்ரீசெட் (சேமித்து வைத்து மாற்றிக்கொள்ளும் அமைப்பு) உண்டு. தனியாகப் போக ஒன்று, கூட்டமாகப் போக ஒன்று.

குமரன்_ஆடியோ: யார் சார் ஒவ்வொரு தடவையும் மாற்றுகிறார்கள்? கதவு உள்தகட்டில் ஓட்டை இருந்தால் கோனின் பின்பக்க ஒலி அது வழியாக வந்து முன்பக்க பேஸை அடிக்கும். அதை மூடுங்கள், அது எல்லா சீட்டுக்கும் நல்லது. ஹை பாஸை (கீழ் ஒலியை வெட்டும் வடிகட்டி) 60 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள், சப்வூஃபர் வாங்கினால் 80.

செவிச்செல்வன்: நடுவில் ஒன்று. ஆம்பில் உள்ள கெயின் (உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு) என்பது வால்யூம் இல்லை. அதை முழுக்கத் திருகிவிட்டு இரைச்சல் வருகிறது என்று இங்கே தனி இழை போடாதீர்கள்.

முல்லை74: இடது கதவில்தான் வயர் மாறியிருந்தது. திருப்பியதும் பேஸ் வந்துவிட்டது. குரல் இன்னும் என் பக்கம்தான்.

குமரன்_ஆடியோ: உங்கள் பக்கத்தை 2 டெசிபல் குறைத்துப் பாருங்கள்.

தாளக்காரன்: லெவல் குறைப்பது அரை மருந்து. குரல் கொஞ்சம் நகரும், ஆனால் நேர வித்தியாசம் அப்படியே இருக்கும். 1.5 போட்டு, கண்ணை மூடிக்கொண்டு 0.1 ஆக ஏற்றி இறக்குங்கள். வண்டி நிற்கும்போது மட்டும்!

குமரன்_ஆடியோ: பக்கத்து சீட்டில் உட்கார்ந்தும் ஒரு பாட்டு கேளுங்கள். அப்புறம் பேசுவோம்.